கலியாணக் காட் கடைக்குப் புது வெப்சைட் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கொட்டாஞ்சேனையில் அப்பா தொடங்கிய கலியாணக் காட் அச்சடிக்கும் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். 2012இல் தெரிந்த தம்பி ஒருவர் வெப்சைட் செய்து தந்தார், அவர் இப்போது டொரொன்டோவில். தமிழ் எழுத்தெல்லாம் போனில் குப்பையாகத் தெரிகிறது, காட் மாதிரிகளும் பழசு. ஒரு கம்பனி முழுதாக மாற்றி, ஒன்லைனில் காசு கட்டும் வசதியும் சேர்த்துத் தர மூன்றரை லட்சம் ரூபா கேட்கிறது. இன்னொருவர் நாற்பத்தையாயிரத்துக்கு முடித்துத் தருகிறாராம். மகனோ பேஸ்புக் பேஜே போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேரையும் கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு ஒரு விஷயத்தைப் பாருங்கள். அந்த டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, யாருடைய பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரிலா, கனடாத் தம்பியின் பெயரிலா? வருடா வருடம் புதுப்பிக்கும் காசை யார் கட்டுகிறார், தளத்தை வைத்திருக்க இடம் தரும் ஹோஸ்டிங்கின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் சூடு பட்டவன். எங்கள் வீட்டுத் தையல் கடைக்கு வெப்சைட் செய்தவர்கள் டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார்கள், ஒருநாள் அந்த அலுவலகமே மூடிக்கிடந்தது, நாங்கள் ஆளைத் தேடி அலைந்து முடிவதற்குள் பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். விசிட்டிங் காட், பில் புத்தகம், கடைப் பலகை எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். பலகையை மாற்றிய செலவு வெப்சைட் செய்த செலவைவிடக் கூட.

டொட் கொம் பெயர் என்றால் காலாவதியானதும் உடனே போய்விடாது. புதுப்பிக்கச் சில வாரம் தவணை தருவார்கள், அதுவும் தாண்டினால் முப்பது நாளுக்கு அபராதம் போலக் கூடுதல் காசு கட்டி மீட்கலாம், அப்புறம் ஐந்து நாளில் சந்தைக்கு வந்துவிடும். டொட் எல்கே என்றால் இங்கேயே உள்ள எல்கே டொமைன் பதிவகத்தில் பேசலாம், காசும் ரூபாவிலேயே கட்டலாம். 2022இல் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது வெளிநாட்டு ஹோஸ்டிங் பில்லைப் பார்த்தவர்களுக்கு ரூபாவில் கட்டுவதன் அருமை தெரியும்.

சரி, இனி அந்தக் குப்பை எழுத்து. படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், அது பாமினி. அந்தக் காலத்தில் நம்மூரில் அச்சகமும் பாமினி, பத்திரிகையும் பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த எழுத்துரு அது, அந்த எழுத்துரு இல்லாத போனில் அடியிலுள்ள ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். கூகுளுக்கும் அதே குப்பைதான் போகிறது. ஆக, யாராவது 'கலியாண அழைப்பிதழ் கொழும்பு' என்று தமிழில் தேடினால் இத்தனை வருடமாக உங்கள் கடை அதில் வந்தே இருக்காது. எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன, உங்கள் தளத்தில் உள்ளது ஒரு பின்னேர வேலை. ஆனால் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து வாசியுங்கள், இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் அது தமிழாக்கி உருத்தெரியாமல் செய்துவிடும். அதை நீங்களே செய்யுங்கள். தமிழ் தெரியாத டிசைனரிடம் கொடுத்தால் 'ஸ்ரீ' உடைந்து நிற்பது அவருக்குத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் தெரியும்.

மூன்றரை லட்சத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பகுதி ஒன்லைன் கடைக்கும் காசு கட்டும் வசதிக்கும்தான் போகும் என்று நினைக்கிறேன். உங்கள் வியாபாரத்தில் யாராவது காட்டைப் பார்த்ததும் கூடையில் போட்டுக் காசு கட்டுகிறார்களா? பெயர், முகூர்த்த நேரம், இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர்கள் எல்லாம் வாங்கி, மாதிரி அடித்துக் காட்டி, பெரியப்பா பெயருக்கு முன் 'திரு' விட்டுப்போனதென்று சண்டை வந்து, மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகுதானே முற்பணமே வருகிறது? அதற்கு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு வட்ஸ்அப்பில் ஸ்லிப் அனுப்பும் வழக்கம் போதும். கொமிஷன் வெட்டும் பேமண்ட் கேட்வே உங்களுக்கு இப்போதைக்கு வீண்.

நாற்பத்தையாயிரக்காரர் அநேகமாக வெப்சைட் செய்யும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஆயத்த வார்ப்புரு போட்டுத் தருவார். அதில் தப்பில்லை, உங்களுக்கு அது தாராளம். ஆனால் காசு கொடுக்க முன் கேட்கவேண்டியதைக் கேளுங்கள்: அட்மின் பாஸ்வேர்ட் என் கையில் தருவீர்களா, வேர்ட்பிரஸ்ஸையும் அதில் சேர்க்கும் துணை மென்பொருள்களான பிளக்இன்களையும் யார் அப்டேட் செய்வது, அதற்கு மாதம் எவ்வளவு, பழைய பக்கங்களின் முகவரி மாறினால் புதியதற்குத் திருப்பிவிடுவீர்களா? வார்ப்புருவோ பிளக்இன்னோ திருட்டுப் பிரதி என்றால் அன்றே எழும்பிவிடுங்கள், வைரஸை வாடகைக்கு வைத்தமாதிரி. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையில் போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டாலும் யோசியுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டனை அழுத்தினால் வந்துவிடும். 2018இலிருந்து அது இல்லாத தளத்தைக் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது, லண்டனில் இருந்து பார்க்கிற அக்கா அதைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவார். பாதிக் காசு முதலில், மீதி உங்கள் சொந்தப் போனில் திறந்து பார்த்த பிறகு. இதை எழுத்தில் வாங்குங்கள், வட்ஸ்அப் மெசேஜ் ஆனாலும் பரவாயில்லை.

படங்கள் நீங்களே எடுங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், பொன் முத்திரை மினுங்கத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு காட்டையும் கொஞ்சம் சாய்த்து வைத்து. போன் படம் நான்கைந்து எம்பி வரும், அதை அப்படியே ஏற்றாமல் சுருக்குங்கள், டேட்டாவில் பார்ப்பவர் காத்திருக்கமாட்டார். படத்தின் கீழே குறைந்தபட்சம் 'நூறு காட் இவ்வளவிலிருந்து' என்றாவது விலை போடுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதுகிற கடையைக் கண்டால் எனக்கே அலுப்பு.

மகன் சொல்வதிலும் பாதி சரி. புது மாதிரி வந்தால் பேஸ்புக்கில்தான் ஓடும். ஆனால் அந்தப் பேஜ் உங்கள் சொத்து இல்லை, கணக்கு முடங்கினால் முறையிட ஒரு கவுன்டர் கூடக் கிடையாது. பேஜை மகன் பார்க்கட்டும், அதிலிருந்து வெப்சைட்டுக்கு இணைப்புக் கொடுங்கள். கூகுள் மெப்பில் கடையைப் பதிந்து, திறக்கும் நேரத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சரியாகப் போட்டுவிடுங்கள், அதற்குக் காசில்லை.

மார்கழியில் கலியாணம் இல்லை, கடையும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும், வேலையை அப்போது வைத்தால் தைக்குள் முடிக்கலாம். டொமைன் விஷயத்துக்கு மட்டும் மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே இரவு எட்டு மணிக்கு அந்தத் தம்பிக்கு எடுங்கள், டொரொன்டோவில் அப்போது காலை.