மாரத்தான், மலை, கார்ட்டிங்: மூன்றில் எதை விடுவது?

கேள்வி கேட்டவர் கோவையில் அலுவலக வேலையில் இருக்கிறார். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார், மாதம் ஒருமுறை மலையேறுகிறார், இடையிடையே கார்ட் எனும் சின்னத் திறந்த பந்தய வண்டியை ஓட்டும் கார்ட்டிங் பந்தயங்களிலும் கலந்துகொள்கிறார். "மூன்றும் சேர்ந்து உடம்பைக் கெடுத்துவிடும், ஏதாவது ஒன்றை விட்டுவிடு" என்று வீட்டிலும் நண்பர்களும் சொல்வதால், எதை விடுவது என்று கேட்கிறார். எதையும் விட வேண்டியதில்லை என்பதே என் பதில். இதே ஊரில், இதே மூன்றையும் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டு, அதே அறிவுரையைக் கேட்டுச் சலித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் மருத்துவனும் அல்லேன், சான்றிதழ் பெற்ற பயிற்சியாளனும் அல்லேன். பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாற்பதைத் தொடுபவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கார்ட்டிங்கைத்தான் எல்லோரும் முதலில் விடச் சொல்வார்கள். "உட்கார்ந்துகொண்டு ஓட்டுவதில் என்ன உடற்பயிற்சி இருக்கிறது?" என்ற கேள்வியை என் அணியில் இருந்த ஒருவரே கேட்டார். ஊருக்கு வெளியே ஒரு கார்ட் தளத்தில் ஏப்ரல் மாத மதியத்தில் நடந்த மூன்று மணி நேர அணிப் பந்தயம் அது. ஆளுக்கு ஆள் மாறி மாறி ஓட்ட வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் நான் காலையில் கோவையின் ரேஸ்கோர்ஸ் பகுதியைச் சுற்றி ஓடுவதைப் பார்த்து, "கார்ட் ஓட்டக் கால் எதற்கு?" என்று அவர் சிரித்தார். வேகத்தில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், அதை மறுப்பதற்கில்லை. முதல் சில சுற்றுகளில் அவர் எடுத்த நேரத்தை நான் அன்று முழுவதும் எடுக்கவில்லை.

கார்ட்டில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு பக்கவாட்டில் தள்ளப்பட்டு, இருக்கையின் விளிம்பு விலா எலும்பில் வந்து அழுத்தும். முன்கைத் தசை வீங்கி இறுகிவிட்டால் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. அவர் தன் முறையை முடித்துக்கொண்டு, ஆள் மாறும் இடமான பிட்டுக்கு வந்தபோது ஹெல்மெட்டின் கழுத்து வாரை அவரால் அவிழ்க்க முடியவில்லை. இரண்டு வளையங்களுக்கு நடுவே மடங்கியிருந்த வாரை விரல்களால் பிடிக்கப் பார்க்கிறார், பிடி நழுவுகிறது, மறுபடியும் பிடிக்கிறார். நான்தான் அவிழ்த்துவிட்டேன். அடுத்த முறை அவர் ஓட்டியபோது ஒவ்வொரு சுற்றிலும் நேரம் கூடிக்கொண்டே போனது, கடைசியில் பிரேக் பிடிக்கும் இடத்தையே இரண்டு முறை தாண்டிப் போனார். கடைசி முறை என்னுடையது. என் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. நாங்கள் வெல்லவில்லை. ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் இரண்டு அணிகளைத் தாண்டினோம், அது காலையில் ஓடிய கால்களால் வந்தது என்பதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. வெப்பம், கனமான உடை, பதற்றம், இடைவிடாத தசைப் பிடிப்பு எல்லாம் சேர்ந்து பந்தயம் ஓட்டுபவரின் இதயத் துடிப்பை, கடினமாக ஓடுகிற ஒருவரின் அளவுக்கு நெடுநேரம் உயர்த்தி வைத்திருக்கின்றன. நம் ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்தப் பந்தயங்களில், குறிப்பாகச் சிங்கப்பூர் போன்ற வெக்கையான இடங்களில், ஓட்டுநர்கள் வியர்வையாகவே இரண்டு மூன்று கிலோ எடையை இழக்கிறார்கள். நம்முடைய பொழுதுபோக்குப் பந்தயம் அதன் பக்கத்தில்கூட நிற்காது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் களைப்பு வந்தால் கைக்கு முன்னால் கவனம்தான் போகும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது. ஆகவே ஓட்டப் பயிற்சி கார்ட்டிங்குக்கு எதிரி என்பது தவறு. அதுதான் அடித்தளம்.

மலையேற்றத்தை நான் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டேன், ஏனென்றால் உண்மையில் மோதுவது மலையும் நீண்ட ஓட்டமும்தான். நீங்கள் கோவைக்காரர் என்பதால் வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்கிறேன். பூண்டியில் இரவில் ஏறத் தொடங்கி, ஆறாவது மலையில் ஆண்டி சுனையின் குளிர்ந்த நீரில் குளித்து, ஏழாவது மலையில் விடியலைப் பார்க்கும்வரை மூச்சுதான் வாங்கும், தசைக்குப் பெரிய சேதம் இல்லை. சேதம் இறக்கத்தில் நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதையும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்யும்போது ஏற்படுவதைவிட, இப்படி நீண்டு தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் மிகுதியாக ஏற்படுகின்றன. வலியும் அன்றே உச்சத்துக்கு வருவதில்லை, ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள்தான் வரும். ஞாயிறு மதியம் நன்றாக நடக்கிற ஆள் செவ்வாய்க்கிழமை அலுவலகப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது இதனால்தான். அந்தச் செவ்வாயில் "அட்டவணையில் இருக்கிறதே" என்று வேகப் பயிற்சி ஓடினால் முழங்காலும் கெண்டைக்காலும் பதில் சொல்லும்.

ஆகவே மலை ஏறும் வாரத்தில் நீண்ட ஓட்டம் கிடையாது என்பது என் விதி. மலையே அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம். இறங்கிய பிறகு மூன்று நாள் நடை அல்லது சைக்கிள் மட்டும். மூங்கில் தடியை முன்படியில் ஊன்றி, எடையில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். இன்னொரு நல்ல செய்தியும் உண்டு: ஒருமுறை இப்படி இறங்கிப் பழகிய தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மறுபடி செய்யும்போது முன்பைப் போல வலிப்பதில்லை. மாதம் ஒருமுறை என்ற உங்கள் இடைவெளி அதற்குப் பொருத்தமானது, மாரத்தானின் கடைசி பத்து கிலோமீட்டரிலும் அந்தத் தொடைகள் உங்களுக்கு உதவும்.

மற்ற நாள்களில் ஓடுவதில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். பெரும்பாலோர் இந்த வேகத்தைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். கொழுப்பை எரித்து ஓட உடம்பைப் பழக்குவது இந்த வேகம்தான். சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கு 30 கி.மீ. தாண்டும் இடத்தில் தீரத் தொடங்குகிறது, 42.195 கி.மீ. ஓட அது மட்டும் போதாது. கார்ட்டிங்கை இலகுவான வாரத்தின் சனிக்கிழமையில் வைத்துக்கொண்டு மறுநாள் மெதுவாக ஓடலாம், ஏனெனில் களைத்திருப்பவை கையும் கழுத்தும்தான்.

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து தண்ணீரும் தூக்கமும். வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். இரவு முழுவதும் மலை ஏறி இறங்கிவிட்டு நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம். பூண்டியிலிருந்து காந்திபுரத்துக்குப் பேருந்து இருக்கிறது, அதில் தூங்கிக்கொண்டே வாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கைப் படுக்கவைத்து ஓட்டி, அதைப் படம் பிடித்து, தங்களைப் பந்தய வீரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தால் எங்களுக்கு வந்திருக்கும் கெட்ட பெயர் கொஞ்சமல்ல. வரையாடு சாலையைக் கடக்கும் இடம் அது, எதிரே தோட்டத் தொழிலாளர்கள் வரும் பேருந்து திரும்பும் இடம் அது. அங்கே ஒரு விபத்து நடந்த செய்தி வந்த நாளில், என் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "உன்னை மாதிரி ஆட்களால்தானே?" என்று என் தாயார் முன்னிலையில் கேட்டார். எல்லோரும் ஒரே திசையில் போகிற, ஓரத்தில் தடுப்பும் கொடி காட்டுபவரும் உள்ள தளத்தில் காசு கொடுத்து ஓட்டுகிறவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பதை இதைப் படிக்கும் பலர் அறிவீர்கள். கரிவர்தன் 1980களில் சொந்தமாகப் பந்தயக் கார்களை வடிவமைத்த ஊர் இது. அவர் பெயரிலேயே செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. தளம் இருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் அங்கே போகலாம். பணக்காரர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும் என்பவர்களுக்கு: வாடகைக் கார்ட்டில் மாதம் ஒருமுறை ஓட்ட எனக்கு ஆகும் செலவு, பலர் வார இறுதியில் ஓட்டலில் செலவழிப்பதைவிடக் குறைவு.

மலைக்கும் இதே ஒழுங்கு வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இளையோர் பலர் மாண்டதை மறக்கக் கூடாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறார்கள். முன்பதிவு உண்டு, உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அனுமதியில்லாத பாதைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

உங்கள் ஜனவரிக்கு வருகிறேன். நவம்பர்வரை மூன்றையும் மேலே சொன்னபடி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். டிசம்பர் தொடங்கியதும் மலை வேண்டாம். பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் கார்ட்டும் வேண்டாம், விலாவில் ஒரு அடி பட்டால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது. அந்த வாரங்களில் ஓடும் தூரத்தையும் படிப்படியாகக் குறையுங்கள். மாரத்தான் முடிந்து இரண்டு வாரம் எதுவும் செய்யாமல் இருங்கள். பிப்ரவரியில் வெள்ளியங்கிரிப் பாதை திறக்கும்.