சேற்று நிலத்தில் சிமெண்டைக் கலந்தால் கட்டடம் தாங்குமா? நச்சு மண்ணையும் அப்படிச் சரிசெய்யலாமா?

தாங்கும். ஆனால் மேலாகக் கொட்டிக் கிளறினால் போதாது. இறக்கைகள் பொருத்திய பெரிய துளைக்கருவியை மண்ணுக்குள் சுழற்றி இறக்கி, அதன் உள்ளீடற்ற தண்டு வழியே சிமெண்டுக் கரைசலைச் செலுத்துவார்கள். மண்ணைத் தோண்டி அகற்றாமல் இருந்த இடத்திலேயே தூண்களாக இறுக வைப்பதுதான் முறை. களிமண்ணில் உள்ள நீரைச் சிமெண்டு எடுத்துக்கொள்கிறது. அப்போது வெளிப்படும் சுண்ணாம்பு களிமண்ணோடு மெதுவாக வினைபுரிவதால் மாதக்கணக்கில் வலிமை கூடிக்கொண்டே போகும்.

ஸ்வீடனும் ஜப்பானும் 1960-70களில் தனித்தனியே வளர்த்த முறை இது. எனக்குப் பிடித்த சான்று ஜப்பானின் கோபே துறைமுக நகரம். 1995 நிலநடுக்கத்தில் துறைமுகச் சுவர்கள் கடல்பக்கமாக நகர்ந்தன. கடலைத் தூர்க்கக் கொட்டியிருந்த நிரப்பு மண் அதிர்வில் கூழானது. அங்கேயே கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் உயரமான ஓட்டலின் அடித்தளம் மட்டும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதன் கீழே மண்-சிமெண்டுச் சுவர்களைக் கட்டம் கட்டமாக அமைத்து, உள்ளே இருந்த மணலை அசையவிடாமல் சிறைபிடித்திருந்தார்கள்.

நச்சு மண்ணில் நோக்கமே வேறு. ஈயம் போன்ற உலோகங்கள் அழிவதில்லை, கரையாத வடிவில் பூட்டப்படுகின்றன. நிலத்தடி நீருக்குள் கசிவது குறைகிறது. ஆகவே இதைச் 'சுத்திகரிப்பு' என்று விற்பவர்களை நம்பாதீர்கள். காரத்தன்மை மிகையானால் ஈயம் திரும்பக் கரையவும் கூடும். எண்ணெயும் மக்கிய தாவரப் பொருளும் மிகுந்திருந்தால் சிமெண்டு சரியாக இறுகாது. எனவே அந்த இடத்து மண்ணை ஆய்வகத்தில் கலந்து, வலிமையையும் கசிவையும் சோதித்த பிறகே சிமெண்டின் அளவை முடிவு செய்யவேண்டும்.