வெறுங்காலோடு ஓடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, போலீஸ் செலக்‌ஷனுக்காக 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறேன். கடற்கரையில் வெறுங்காலோடு ஓடுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஷூ இல்லாமல் ஓடினால் முட்டி போய்விடும் என்று கூட ஓடுகிறவர்கள் மிரட்டுகிறார்கள். உண்மையா?
(வாசகர், மண்டபம்)

பதில்: அப்படிப் பயப்பட வேண்டியதில்லை தம்பி. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா, கல் பாவிய பழைய சாலை உட்பட 42 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு ஓடி, ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில் 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். கொடுத்த ஷூ காலுக்குச் சேரவில்லை, ஊரில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால், அதனால் கழற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு இன்னும் வேகமாக ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் நாட்டில் சிவ்நாத் சிங், பெரும்பாலும் ஷூ இல்லாமலே ஓடியவர். 1978ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது வருடத்துக்கு மேல் எந்த இந்தியராலும் முந்த முடியவில்லை. எனக்கு அவர் பெயரைச் சொன்னாலே உடம்பு சிலிர்க்கும், நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியவில்லையே என்று வருத்தமும் உண்டு.

சரி, காலுக்குள் என்ன நடக்கிறது? ஷூ போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் குதிகாலை முதலில் ஊன்றுவார்கள், அந்த அடி முட்டி வரைக்கும் ஏறும். வெறுங்காலில் குதிகாலை ஊன்றினால் வலிக்கும் என்பதால் கால் தானாகவே முன்பாதத்தை முதலில் வைத்து, எட்டி வைக்கிற தூரத்தையும் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் ஹார்வர்டில் டேனியல் லீபர்மேன் குழு 2010ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஆனால் முட்டியிலிருந்து இறங்கிய பாரம் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணுக்கும்தான் போகிறது. அதனால் ஷூவில் பழகியவர்கள் ஒரே நாளில் மாறினால் மறுநாள் படி இறங்க முடியாது. முதலில் சில நிமிடம் போதும், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அப்புறம் நம்ம கரை. உலர்ந்த பொதிமணலில் கால் புதையும், கெண்டைக்கால்தான் கஷ்டப்படும், அலை நனைத்து இறுகிய மணலில் ஓடுங்கள். கரை கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் போன வழியே திரும்பி வந்தால்தான் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும். படகு ஏற்றி வைக்கிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள், அறுந்த வலையோடு தூண்டில் முள்ளும் மணலுக்குள் கிடக்கும். சீமைக்கருவேல முள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டால் நீங்களே ஊசியால் தோண்டாமல் டாக்டரிடம் போங்கள். செலக்‌ஷன் மைதானத்தில் நடக்கும் என்பதால் வாரத்தில் பாதி நாளாவது கெட்டித் தரையில் ஓடுங்கள், அன்றைக்கு ஷூ போடுவதாக இருந்தால் அதைப் போட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்க்கரை உள்ள அப்பா காலையில் மணலில் செருப்பில்லாமல் நடக்கிறார். விடலாமா?
(வாசகி, தொண்டி)

பதில்: வேண்டாம் அம்மா. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கிளிஞ்சல் கிழித்தாலும் அவருக்குத் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். மெத்தென்ற மூடிய செருப்போடு நடக்கட்டும், தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.