தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்

கேள்வி: கும்பகோணத்துப் பெண் நான். செப்டம்பரிலிருந்து ஜப்பானின் கியோட்டோவில் ஓராண்டு மொழிப் படிப்பு. பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்த வீட்டில், பணி ஓய்வு பெற்ற தம்பதியோடு தங்கியிருக்கிறேன். வந்த மூன்றாம் நாள் குளித்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குளியலறைக் கதவில் படம் வரைந்த தாள் ஒட்டியிருந்தது. சைவம் என்று சொல்லியும் சூப்பில் மீன் வாடை. சமையலில் உதவப் போனால் வேண்டாம் என்கிறார்கள். போன வாரம் தோழியோடு வெளியே சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பினேன். என் தட்டு மேசையில் மூடி வைத்திருந்தது. அப்போதும் அதே சிரிப்புதான். என்னைப் பிடிக்கவில்லை என்றே தோன்றுகிறது. தனி அறை பார்த்துக்கொண்டு போய்விடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, முதலில் அந்தத் தாள். கதவில் தாள் ஒட்டினால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். ‘மோட்டாரை நிறுத்தவும்’ என்று குடித்தனக்காரருக்கு ஒட்டுகிற ஊரிலிருந்து போனவர்கள்தானே நாம். ஆனால் உனக்கு அந்த மொழியில் படிக்க வராது என்று தெரிந்து, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறார். நானாக இருந்தால் அதைக் கிழியாமல் எடுத்து வைத்திருப்பேன்.

அங்கே தொட்டி அழுக்குப் போக்குவதற்கு இல்லை. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு பொட்டுகூட இல்லாமல் கழுவிய பிறகு, நாற்பது டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கழுத்தளவு அமர்ந்திருப்பதற்கு. அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். சூடு ஆறாமல் மூடி போட்டு வைப்பார்கள். மிச்சத் தண்ணீரை மறுநாள் துணி துவைக்க எடுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. உன்னை முதலில் குளிக்கச் சொன்னார்களா? அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. நீ திறந்துவிட்டது அவர்கள் இருவரின் குளியலை.

போகட்டும். நான் படிக்கப் போன காலத்தில், கழிப்பறைக்கென்று இருக்கும் செருப்போடு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தவள். அந்த வீட்டுத் தாத்தா என் காலைப் பார்த்தார், செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா, அருவருத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாய்விட்டுச் சொல்லாததை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. ‘சொத்தோ’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அகராதியில் ‘கொஞ்சம்’ என்று பொருள். ‘அது சொத்தோ...’ என்று இழுத்து நிறுத்தினால் ‘முடியாது’. நீ இப்போது இருக்கும் ஊரைப் பற்றி ஜப்பானியர்களே ஒரு கேலி சொல்வார்கள்: கியோட்டோக்காரர் ‘புபுசுகே சாப்பிடுகிறீர்களா’ என்று தேநீர் ஊற்றிய சோற்றைச் சாப்பிடக் கூப்பிட்டால், ‘கிளம்புங்கள்’ என்று அர்த்தமாம். வாசல் வரை வந்துவிட்டு ‘இருந்து சாப்பிட்டுப் போகலாமே’ என்று சொல்லி அனுப்புகிற நமக்கு இது புரியாதா என்ன!

சூப்பு விஷயத்தில் அவர்கள் ஏமாற்றவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மீனையும் இறைச்சியையும் எடுத்துவிட்டார்கள். தாஷி என்ற அடிச்சாறு அவர்கள் கணக்கில் மீனே இல்லை, நமக்குப் பெருங்காயம் மாதிரி. பெரும்பாலும் அது காத்சுவோபுஷியில் இறக்கியது. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டையாக உலர்த்திச் சீவியது. தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைக்காரர்களும் ‘அட, நம்ம மாசி’ என்பார்கள். ஆகவே ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. ‘மீன் தாஷியும் வேண்டாம், கொம்புவோ காய்ந்த ஷீடாக்கே காளானோ போதும்’ என்று வகுப்பு ஆசிரியரிடம் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிக் கொடு. கொம்பு என்பது கடற்பாசி. ‘ஷோஜின்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள். பௌத்த மடங்களின் சாப்பாடு அது. பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்க மாட்டார்கள், உன் பாட்டி கேட்டால் பூரித்துப் போவார். கியோட்டோவும் கோயில் நகரம்தான், அந்த வீட்டு அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும். உனக்காகக் கரே ரைஸ் என்ற ஜப்பானியக் குழம்புச் சோறு செய்தால் மட்டும் கவனம்: கடையில் விற்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும்.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த மூடிய தட்டுதான். மற்றதெல்லாம் தெரியாமல் செய்தது. இது அப்படி இல்லை. கும்பகோணத்தில் ஒன்பதரைக்கு வீடு திரும்பியிருந்தால் அம்மாவுக்கு ஒரு போன் செய்திருக்க மாட்டாயா? அந்த வீட்டு அம்மா கடைக்குப் போவதற்கு முன்பே, மாலை நான்கு மணிக்குள், ‘இன்று இரவு சாப்பாடு வேண்டாம்’ என்று லைன் செயலியில் ஒரு வரி அனுப்பு. அன்றைய தட்டுக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்றால் இன்றே கேள்.

உதவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படித்தானே. கேட்காமல் ஒரே ஒரு வேலையை உன்னுடையதாக்கிக்கொள். குப்பை எடுத்துப் போவதைச் சொல்வேன். கியோட்டோவில் எரிக்கிற குப்பைக்கு மாநகராட்சியின் மஞ்சள் பை, காலை எட்டு மணிக்குள் வெளியே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, மேல்தாளை உரித்து, அலசிப் போட வேண்டும். பிரிக்கத் தெரியாமல் தடுமாறினாலும் நல்லதுதான். அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்று சொல்லிக்கொடுப்பார், உன் மொழியும் அங்கேதான் வளரும்.

தனி அறை? இப்போது வேண்டாம். இந்தப் பருவம் முடியட்டும். கூடுதல் பணம் கேட்பது, உன் அறைக்குள் சொல்லாமல் நுழைவது, உடம்பு கூசும்படி ஏதாவது நடப்பது என்றால் அது வேறு கதை. அன்றைக்கே பல்கலைக்கழகத்தில் சொல்லிவிடு. நீ எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

புத்தாண்டு விடுமுறைக்கு எங்காவது போகத் திட்டம் இருந்தால் ஜனவரிக்குத் தள்ளிப்போடு. டிசம்பர் கடைசியில் வீட்டைத் தலைகீழாக்கிச் சுத்தம் செய்வார்கள், நம் போகிக்கு முந்தின நாட்களைப் போல. அப்போது யாரும் உன்னை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். உயரத்தில் இருக்கிற தூசியைத் தட்ட இளசு ஒன்று தேவைப்படும். 31ஆம் தேதி இரவு எல்லாரும் சோபா நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அந்தச் சாறும் மாசிதான், இரண்டு நாள் முன்பே சொல்லி வை.