80 கிலோமீட்டர் தாண்டினால் கால் ஓய்ந்துவிடுகிறது, வழியில் என்ன சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 74 கிலோ. வார நாட்களில் 30, 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன், ஒரு சிரமமும் இல்லை. போன மாதம் முதன்முறையாக 120 கிலோமீட்டருக்குக் கிளம்பினேன். காலையில் ஒரு காபி மட்டும். வழியில் தண்ணீர் நிறையக் குடித்தேன், சாப்பாட்டைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 80 தாண்டியதும் கால் சுத்தமாக ஓய்ந்துவிட்டது. கை நடுங்கியது, சில்லென்று வியர்த்தது, கூட வந்தவர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவர் கொடுத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் தெளிந்தது. எடை குறையத்தான் ஓட்டுகிறேன், வழியிலேயே சாப்பிட்டால் வீண்தானே? அப்படியே சாப்பிடுவதென்றால் எதை, எப்போது? கடையில் சிறு பொட்டலமாக விற்கும் ஜெல் (இனிப்புக் கூழ்) அவசியமா?

பதில்: ஒரு வாழைப்பழத்தில் தெளிந்தது என்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உங்கள் காலுக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை தீர்ந்துபோனது, அவ்வளவுதான். சைக்கிள்காரர்கள் இதற்கு 'பாங்க்' (bonk) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீண்ட தூரம் ஓட்டுபவர்களில் இதை ஒரு முறையாவது அனுபவிக்காதவர் குறைவு.

உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 400, 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவு. கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும். ஆனால் தசையில் இருப்பது அந்தத் தசைக்கு மட்டுமே, அதை ரத்தத்தில் திருப்பிவிட வழியில்லை. கையிலும் தோளிலும் இருப்பதைக் கால் கடன் வாங்க முடியாது. ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரலின் அந்தச் சிறு இருப்புதான், இரவு முழுக்கச் சாப்பிடாமல் எழுந்தால் அதிலும் பெரும்பகுதி கரைந்திருக்கும். நீங்கள் காபியோடு கிளம்பினீர்கள். நாலு மணி நேரத்தில் கால் தன் இருப்பைத் தின்று முடித்தது, கல்லீரலும் கைவிட்டது. மூளை பெரும்பாலும் குளுக்கோஸை நம்பியே ஓடுவதால் நடுக்கமும் எரிச்சலும் வந்தன. நண்பரிடம் தாராளமாக இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம்.

1966-ல் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைத் தங்கள் உடலிலேயே பார்த்தார்கள். ஒரே நிலைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒரு காலால் மட்டும், ஓயும்வரை மிதித்தார்கள். பிறகு இரண்டு தொடைகளிலும் ஊசியால் சிறிது தசையை எடுத்துச் சோதித்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் துடைத்து எடுத்தாற்போல் காலி, சும்மா தொங்கிய காலில் அப்படியே இருந்தது. மூன்று நாள் மாவுச்சத்து அதிகமாகச் சாப்பிட்டபோது, மிதித்த கால் மற்றதைவிட இரண்டு மடங்கு சேர்த்து வைத்துக்கொண்டது. நீண்ட பயணத்துக்கு முந்தைய இரண்டு நாள் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று கொஞ்சம் தாராளமாகச் சாப்பிடச் சொல்வது இதனால்தான். முந்தின இரவு மட்டும் வயிறு முட்டத் தின்பதால் தூக்கம் கெடுவதைத் தவிரப் பெரிய பலன் இல்லை.

சரி, எவ்வளவு சாப்பிடுவது? ஒன்றேகால் மணி நேரம்வரை தண்ணீரே போதும். உங்கள் 40 கிலோமீட்டர் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்குள் இருப்பு தீராது, அதனால்தான் எதுவும் தெரியாமல் போனது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். ஜாம் தடவிய இரண்டு துண்டு ரொட்டி 40 கிராமைத் தொடும். உலர்ந்த பேரீச்சையில் சிறியது என்றால் நாலைந்து கிராம், பெரிய ரகத்தில் ஒன்றே 18 கிராம். பந்தயக்காரர்கள் மணிக்கு 90 கிராமும் அதற்கு மேலும் போவார்கள். குளுக்கோஸைக் குடல் மணிக்குக் கிட்டத்தட்ட 60 கிராம்தான் உள்ளே விடும், பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்குத் தனி வாசல் உண்டு, இரண்டையும் கலந்தால் கூடுதலாகப் போகும். சாதாரணச் சர்க்கரையே அந்த இரண்டும் சரிபாதி சேர்ந்ததுதான். உங்களுக்கு 90 தேவையில்லை. 45, 50-ல் நில்லுங்கள்.

அளவைவிட நேரம் முக்கியம் என்பது என் கருத்து. பசி எடுத்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் தாமதம், அது வயிற்றைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதற்குள் இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் கடந்திருக்கும். கிளம்பி அரை மணியில் முதல் வாய், அப்புறம் 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துவிடுங்கள், முதல் இரண்டு மணி நேரம் உடம்பு நன்றாக இருப்பதால் மனசு 'அப்புறம் பார்க்கலாம்' என்றே சொல்லும். மேட்டுக்கு முன்னால் வாயில் எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள், மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. சமதளத்தில் சாப்பிடுவதே வசதி.

காலைச் சாப்பாட்டையும் மாற்றியாக வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே மாவுச்சத்து: நாலு துண்டு ரொட்டி, ஜாம், ஒரு வாழைப்பழம் என்றால் கணக்கு சரியாக வரும். எண்ணெயும் நார்ச்சத்தும் அன்று குறைவாக இருக்கட்டும். அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது என்றால், சைக்கிளில் ஏறும் நேரத்தில் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டு முதல் ஒரு மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள். காபியை விட வேண்டாம், பழகியவருக்கு அது உடல் நீரை வற்றச் செய்யாது, ஓட்டத்துக்குச் சற்று உதவவும் செய்யும். சாப்பாட்டுக்குப் பதிலாக அது வராது, அதுதான் விஷயம்.

எடை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் எடைக்கு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், மணிக்குச் சுமார் 500 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்கு 3,000. வழியில் 250 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டாலும் உள்ளே போவது 1,000 கலோரிதான். மீதி 2,000 உடம்பிலிருந்துதான் போக வேண்டும். சாப்பிடாமல் ஓய்ந்து வீடு திரும்பியவர் அன்று மாலை என்ன செய்வார் என்பது உங்களுக்கே தெரியும்: சமையலறையில் கண்ணில் பட்டதையெல்லாம் காலி செய்வார். எடை குறைக்க நினைப்பவர் கையை இறுக்க வேண்டியது சைக்கிள் ஓட்டாத நாட்களில்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொன்ன 'நிறைய' என்ற சொல் எனக்குச் சற்று உறுத்துகிறது. பொதுவாக மணிக்கு 500 முதல் 750 மில்லி பலருக்கும் போதும். ஆனால் வியர்வை ஆளுக்கு ஆள், வெயிலுக்கு வெயில் மாறும்: ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர், இன்னொருவருக்கு இரண்டு லிட்டர். உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள ஒரு தராசு போதும். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், உடையில்லாமல், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 74-லிருந்து 73.4 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்த்தது 1.1 லிட்டர். அத்தனையையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. நாள் முடிவில் எடை இழப்பு 2 சதவீதத்துக்குள், அதாவது உங்களுக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

கிளம்பியதைவிட எடை கூடித் திரும்பினால் அது ஆபத்தின் அறிகுறி. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறி ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், மனக் குழப்பம் என்று போய், முற்றினால் வலிப்பும் உயிராபத்தும் வரும். இந்த அறிகுறி உள்ளவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்று 750 மில்லி என்றால் அதில் 45 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, விருப்பமிருந்தால் எலுமிச்சைச் சாறு. சர்க்கரையைக் கண்ணளவில் போடாமல் எடை போட்டே சேருங்கள், கூடிப்போனால் வயிற்றில் அப்படியே தேங்கி நிற்கும். உப்புச் சுவை லேசாகத் தெரிய வேண்டும், கரிக்கக் கூடாது. சட்டையில் வெள்ளைப் படிவு விடும் அளவுக்கு வியர்ப்பவர் உப்பு பிஸ்கட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெல் அவசியமில்லை. ஒரு பொட்டலத்தில் 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும், மெல்ல வேண்டாம், சட்டைப்பையில் இடம் அடைக்காது. காசு கொடுப்பது அந்த வசதிக்குத்தான். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு உருளைக்கிழங்கு மசியலையும் ஜெல்லையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஓட்டத்தில் வித்தியாசமே இல்லை, மசியல் தின்றவர்களுக்கு வயிற்று உப்பலும் வலியும் வாயுவும் மட்டும் சற்று அதிகம். எனக்கு நாலாவது மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அந்த நேரத்துக்கென்று உப்புப் போட்டு வேகவைத்த சிறு உருளைக்கிழங்குகளை ஒரு பையில் வைத்திருப்பேன். ஜெல் எடுத்தால் கூடவே தண்ணீர் குடியுங்கள். நான் ஒரு முறை புது வகை ஜெல்லை நீண்ட பயணத்தன்றே முதன்முதலாக, அதுவும் தண்ணீரில்லாமல் சாப்பிட்டேன். அன்று எத்தனை கழிவறைகளில் நின்றேன் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

வேகமாக மிதிக்கும்போது ரத்தம் குடலைவிட்டுக் காலுக்குப் போகிறது, அதனால்தான் பலருக்கு ஓட்டும்போது எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் குடலையும் பழக்கலாம். உங்கள் 40 கிலோமீட்டர் நாட்களில், தேவையில்லாவிட்டாலும், மணிக்கு 30 கிராமில் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் 50-க்குக் கொண்டுபோங்கள். அதன்பின் ஒரு 70, 80 கிலோமீட்டர் ஒத்திகை, பிறகு 120.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களும், ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களும் மேலே சொன்ன சர்க்கரை, உப்பு அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் பின்பற்ற வேண்டாம்.

மறுபடி அந்த நடுக்கம் வந்தால் சமாளித்து ஓட்டப் பார்க்காதீர்கள். நிறுத்தி, உட்கார்ந்து, சீக்கிரம் கரையும் இனிப்பு 20, 30 கிராம் சாப்பிட்டு, கால் மணி நேரம் பொறுத்து, மெதுவாகத் தொடருங்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையைக் கவிழ்த்து, எடுத்துப்போனதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். முதல் சில பயணங்களில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும்.