தொலைந்துபோகும் ஒரு பிட் – கடிதம்

வணக்கம் சார்,

கடைசி ஆண்டு புராஜெக்டுக்காக ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையில், திசையையும் அசைவையும் அளக்கும் பிஎன்ஓ055 சென்சாரை ஐ2சி (சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாக இணைத்திருக்கிறேன். பெரும்பாலும் சரியாகப் படிக்கிறது, திடீரென்று சம்பந்தமே இல்லாத ஓர் எண் வருகிறது. ஒயரை மாற்றினேன், சென்சாரையே மாற்றினேன். கடைசியில் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையநிரலில்) அந்த ஐ2சி கன்ட்ரோலருக்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் நிரலைத் திறந்து பார்த்தால், கிளாக் ஸ்ட்ரெட்சிங்கில் பிரச்சினை உண்டு என்று ஒரு குறிப்பும், அதற்கென ஒரு ‘குவிர்க்’ (வன்பொருள் குறையைக் குறிக்கும்) கொடியும் இருக்கின்றன. தெரிந்தும் ஏன் சரிசெய்யாமல் வைத்திருக்கிறார்கள்? சிப் செய்தவர்களின் தவறை டிரைவர் எழுதுபவர் ஏன் சுமக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

ஒயரில் தொடங்கி டிரைவர் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். புராஜெக்டுக்கு நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் இதற்கே பாதி கொடுத்துவிடுவேன்.

ஐ2சி-யில் இரண்டே கம்பிகள். ஒன்றில் தரவு, இன்னொன்றில் கடிகாரத் துடிப்பு. துடிப்பைக் கொடுப்பது பை பக்கத்திலுள்ள கன்ட்ரோலர். எதிர்முனையில் உள்ள சிப்புக்கு அவகாசம் தேவைப்பட்டால் அது கடிகாரக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். ‘கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். இதுதான் கிளாக் ஸ்ட்ரெட்சிங். பிடியை விட்டதும் கம்பி மேலே ஏறும். ஒழுங்கான கன்ட்ரோலர் அது ஏறிய கணத்திலிருந்துதான் துடிப்பின் நேரத்தை எண்ணத் தொடங்கும்.

முதல் ராஸ்பெர்ரி பையின் சிப்பான பிசிஎம்2835-இல் உள்ள கன்ட்ரோலர் அப்படி எண்ணுவதில்லை. (உங்கள் பை 3-இல் இருப்பது 2837. ஆனால் ஐ2சி பகுதி அதே பழையதுதான்.) அது பாட்டுக்குத் தன் உள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் கம்பியை மறுபடி இறக்கப்போகும் நேரம் பார்த்து சென்சார் பிடியை விட்டால், மேலே எழும் துடிப்பு கீற்றுபோல் ஒல்லியாகிவிடும். கன்ட்ரோலர் ஒரு பிட் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். சென்சாரோ அந்தத் துடிப்பைப் பார்த்தே இருக்காது. அப்புறம் இருவர் கணக்கும் ஒரு பிட் தள்ளித்தான் போகும். இரண்டு நேரங்களும் தற்செயலாக ஒட்டி வரவேண்டும் என்பதால்தான் உங்களுக்கு எப்போதாவது மட்டும் தப்பான எண் வருகிறது.

சரி, டிரைவரில் ஏன் திருத்தவில்லை? துடிப்பை உருவாக்குவது சிலிக்கான். டிரைவர் அதற்கு வேகத்தைச் சொல்கிறது, பைட்டுகளைக் கொடுக்கிறது, வாங்குகிறது. தனித்தனித் துடிப்பு அதன் கைக்கு எட்டாது.

கைக்கு எட்டுகிற கோளாறுகளும் உண்டு. 2001 வாக்கில் வியா 686பி சவுத்பிரிட்ஜ் (டிஸ்க் போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) வைத்த மதர்போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் தரவு கெட்டுப்போவதாகப் பெரிய கூச்சல் எழுந்தது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒலி கார்டு செருகியிருந்தால் இன்னும் மோசம். கர்னல் சிப்புகளின் பிசிஐ (கணினியின் உள்பகுதிகளை இணைக்கும் பஸ்) அடையாள எண்ணைப் பார்த்து, இந்த சவுத்பிரிட்ஜும் அதற்குத் துணையான நார்த்பிரிட்ஜ் சிப்பும் சேர்ந்த ஜோடிதான் என்று தெரிந்தால் நார்த்பிரிட்ஜின் ஒரு ரெஜிஸ்டரில் இரண்டு பிட்டுகளை மாற்றி, பஸ்ஸை யாருக்கு எப்போது கொடுப்பது என்ற முறைவரிசையையே திருத்திவிடுகிறது. பயனருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. பிசிஐ பகுதியில் இத்தகைய திருத்தங்களுக்கென்றே ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. ஒரு மழைநாளில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், சிப் நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் வராத சரித்திரம் அது.

உங்கள் குவிர்க் வேறு ஜாதி. திருத்துவதில்லை, அறிவிப்பதோடு சரி. 2015-இல் லினக்ஸின் ஐ2சி மையப்பகுதியில் கன்ட்ரோலர்களின் குறைகளை எழுதிவைக்க ஒரு ஸ்ட்ரக்ட் (தகவல்களைத் தொகுத்து வைக்கும் நிரல் அமைப்பு) வந்தது. ‘ஒரு மெசேஜில் இத்தனை பைட்டுக்கு மேல் என்னால் ஆகாது’ என்று டிரைவர் அதில் குறித்துவிட்டால், மீறி வரும் கோரிக்கையை மையப்பகுதியே வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்ட்ரெட்சிங் கொடிக்கு அந்த வசதி கிடையாது. எந்த சிப் எப்போது கம்பியைப் பிடிக்கும் என்பது மையப்பகுதிக்குத் தெரியாதே. சென்சாரின் டிரைவர்தான் ‘இந்தக் குறை உனக்கு உண்டா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் பைத்தானிலிருந்து நேரடியாகப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கேட்க ஆளே இல்லை, கொடி சும்மா பறந்துகொண்டிருக்கிறது.

யார் சுமப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். விற்றுப்போன சிப்பைத் திரும்ப வாங்கிச் செதுக்க முடியாது. ஆகவே சுமை டிரைவருக்கு வருகிறது, இதில் நியாய அநியாயம் பார்த்துப் பயனில்லை. எனக்குக் கோபம் வருவது எழுதிவைக்காமல் சுமக்கிறவர்கள்மீது. அதில் நானும் ஒருவன். முன்பு வேலைபார்த்த இடத்தில், ஒரு கன்ட்ரோலர் ரீசெட்டுக்குப் பிறகு உடனே பேசினால் முதல் பதிலை விழுங்கிவிடும். 20 மில்லிசெகண்ட் தாமதம் போட்டேன், சரியாகிவிட்டது. ஏன் போட்டேன், எந்தப் பதிப்பு சிப்புக்கு என்று ஒரு வரி எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து, பூட் ஆகும் நேரத்தைக் குறைக்க வந்த ஒருவர் அதைத் தேவையற்றது என்று எடுத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் திறந்த டிரைவரில் அந்தக் குறிப்பு இருந்ததால்தானே உங்களால் சென்சாரை விட்டு நகர முடிந்தது?

இப்போதைக்கு என்ன செய்யலாம்? பஸ் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10-க்கு இறக்கினால் துடிப்பின் அரைப்பகுதி 5 மைக்ரோசெகண்டிலிருந்து 50 ஆக நீளும். சென்சாரின் பிடி அதற்குள் முடிந்துவிட்டால் தொல்லையில்லை. ஆனால் பிஎன்ஓ055 அதைவிட நீளமாகப் பிடிக்கக்கூடியது, முழுக்க நம்ப வேண்டாம். ஐ2சி-ஜிபிஐஓ ஓவர்லே (பையின் பொதுப்பயன் பின்களை ஐ2சி-ஆக்கும் அமைப்புக் கோப்பு) வழியாக மென்பொருளிலேயே துடிப்பை உருவாக்குவது நல்ல வழி. கம்பி நிஜமாகவே மேலே ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அது நகரும். பிராசஸர் கொஞ்சம் உழைக்கும், உழைக்கட்டும். அதுவும் ஒத்துவராவிட்டால் அந்த சென்சாருக்கு யூஆர்ட் (கடிகாரக் கம்பி இல்லாத தொடர்) இணைப்பும் இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். அந்த ஓவர்லே வழக்கமாக 23, 24 என்ற ஜிபிஐஓ பின்களை எடுத்துக்கொள்ளும். வழக்கமான ஐ2சி பின்களுக்குப் பலகையிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) உண்டு, இவற்றுக்குக் கிடையாது. சென்சார் போர்டில் இல்லையென்றால் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு நீங்களே போட வேண்டியிருக்கும்.