கேம்பர் இழுக்க எந்த டிரக்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: கேம்பரை, அதாவது சக்கரம் வைத்த முகாம் வீட்டை, இழுக்கப் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் (டூ வீல்) பிக்கப் டிரக் போதுமா, நான்கு சக்கரங்களையும் இயக்கும் ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டுமா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எடை குறிப்பிடாத கடிதங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றை மட்டும் மாதிரிக்கு வைத்திருக்கிறேன்.

கே: கேம்பர் 3,000 கிலோ. தார்ச்சாலையில் மட்டுமே பயணம், தங்குமிடங்களும் தளம் போட்டவை. பனிக்காலத்தில் வெளியே எடுப்பதில்லை. ஃபோர் வீல் டிரைவ் அவசியமா?

ப: அவசியமில்லை. மிச்சமாகும் பணத்தில், கேம்பரின் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் நல்ல பிரேக் கன்ட்ரோலரும் நல்ல டயர்களும் வாங்குங்கள். பின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லிணைப் பெட்டி) லாக் ஆகி இரண்டையும் சேர்த்துச் சுழற்றும் வகையா என்று மட்டும் கேட்டு எடுங்கள். எடையை எழுதியதற்கு நன்றி.

கே: மழையோ பனியோ, ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் கவலையே இல்லை என்கிறார் என் மைத்துனர். சரிதானா?

ப: கிளம்புவதற்குக் கவலை இல்லை. நிற்பதற்கு அது எதுவும் செய்யாது. பிரேக் எல்லா டிரக்குகளிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. வழுக்கும் சாலையில் ஃபோர் வீல் டிரக் அலட்டிக்கொள்ளாமல் வேகமெடுத்துவிடும். அதனாலேயே சாலை எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது ஓட்டுபவருக்கு உறைப்பதில்லை. முதல் பிரேக்கில்தான் உறைக்கும். அப்போது பின்னாலிருந்து மூன்று டன் தள்ளிக்கொண்டு வரும்.

பிடிப்பைத் தருவது டயர். குளிர்கால டயர் போட்ட டூ வீல் டிரக், தேய்ந்த டயர் போட்ட ஃபோர் வீல் டிரக்கைவிட வளைவிலும் பிரேக்கிலும் ஒழுங்காக நடந்துகொள்ளும். தளர்ந்த சரளை இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் (காலை எடுத்ததும் எஞ்சினே வேகத்தைப் பிடித்து இழுப்பது) நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவது ஃபோர் வீலுக்கு உள்ள உண்மையான அனுகூலம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் மைத்துனர் சொல்வது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

கே: என் டிரக் கேம்பர் இழுக்குமா? கருப்பு நிறம், நான்கு கதவு, போன வருடம் வாங்கியது. உடனே பதில் வேண்டும்.

ப: நிறத்தை எழுத நேரம் இருந்தது, எடையை எழுத நேரமில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அந்த எண்ணையும் கேம்பரின் சுமையேற்றிய எடையையும் அனுப்புங்கள். அதற்கு முன் நான் சொல்லும் எந்தப் பதிலும் ஜோசியம்தான்.

கே: ஃபோர் வீல் டிரைவ் மாடல் எடுத்தால் இன்னும் பெரிய கேம்பரை இழுக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னார். விளம்பரக் கையேட்டில் இழுவைத் திறன் 5,000 கிலோ என்று இருக்கிறது. எங்கள் கேம்பர் 2,500தான், எனவே பாதி திறன் மிச்சம் இருக்கிறது அல்லவா? நாங்கள் நால்வர்.

ப: இந்தக் கடிதம் மாதா மாதம் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, உங்கள் மேல் அல்ல.

முதலில் அந்த 5,000. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே2807 என்ற தரப்படி இழுவைத் திறனைக் கணக்கிடுகிறார்கள். நேர்மையான தரம்தான். அரிசோனாவில் டேவிஸ் டேம் அருகே உள்ள நீண்ட ஏற்றம்தான் அதன் அளவுகோல். கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், ஏசியை முழுவதும் ஓடவிட்டு, பின் அச்சில் இரட்டைச் சக்கரம் இல்லாத டிரக் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்று முன்னாலும் பின்னாலும் கிளம்பிக் காட்ட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் சாதாரண பிக்கப்புக்கான அந்தக் கணக்கில் டிரக்குக்குள் இருப்பது இரண்டே பேர், ஆளுக்கு 70 கிலோ கூட இல்லை. குழந்தைகள் இல்லை, சைக்கிள் இல்லை, பின்தொட்டியில் ஜெனரேட்டர் இல்லை. எஞ்சினும் குளிரூட்டலும் தாங்குமா என்பதற்கு அது விடை சொல்கிறது. உங்கள் குடும்பத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கதவுத் தூண் லேபிளில் இருக்கிறது.

இரண்டாவது, உங்கள் கேம்பர் 2,500 அல்ல. அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த வெற்று எடை. தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. எரிவாயு சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, நாற்காலி, சாப்பாடு எல்லாம் ஏறினால் 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரக்கின் பின்னால் உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில் மாட்டும் சாதாரண கேம்பரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை டிரக்கின் வால் மேல் உட்கார வேண்டும். 13 சதவீதம் என்றால் ஏறத்தாழ 400 கிலோ. எடையைப் பகிரும் ஹிட்ச் அமைப்பு 40 கிலோ. நீங்கள் நால்வர், கைப்பைகளோடு 280. கூட்டினால் 720.

இனி டிரக்குக்கு வருவோம். டூ வீல் மாடலின் லேபிளில் 750 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 கிலோ இடம் மிச்சம், மூச்சு வாங்கலாம். அதே டிரக்கை ஃபோர் வீல் டிரைவில் எடுத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், முன் புரொபெல்லர் ஷாஃப்ட், முன் ஆக்சில் ஷாஃப்டுகள் எல்லாம் சேர்ந்து 100 முதல் 200 கிலோ வரை ஏறும். அந்த எடை வானத்திலிருந்து வருவதில்லை, உங்கள் சுமைத்திறனிலிருந்துதான் கழிகிறது. லேபிள் 620 என்று சொல்லும். நீங்கள் ஏற்கெனவே 100 கிலோ அதிகம். ஒரு விறகுக் கட்டைகூட இன்னும் ஏற்றவில்லை.

டிரக்கும் கேம்பரும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் ஒரே எஞ்சின், ஒரே ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுழல புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பது) என்றால் இரண்டு மாடலுக்கும் அந்த வரம்பு ஒன்றுதான். டிரக் கனமானால் கேம்பருக்கு மிஞ்சுவது குறையும். எனவே ஃபோர் வீல் எடுத்தால் அதிகம் இழுக்கலாம் என்பது நேர் தலைகீழ். அந்த விற்பனையாளருக்கு இது தெரியாதென்றால் அவர் வேறு வேலை பார்க்கலாம். தெரிந்தே சொன்னாரென்றால் நீங்கள் வேறு கடை பார்க்கலாம்.

ஃபோர் வீல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றால் ஒரு படி கனமான டிரக்கில் எடுங்கள். அது முடியாதென்றால் டூ வீல் டிரைவிலேயே இருங்கள். வாங்கும் முன் அதே டிரக்கின் லேபிளை நேரில் படியுங்கள். சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று ஒவ்வொரு வசதியும் அந்த எண்ணைக் குறைக்கும், எனவே பக்கத்தில் நிற்கும் டிரக்கின் லேபிள் உங்களுக்கு உதவாது. வாங்கிய பின் குடும்பத்தோடு, கேம்பரோடு எடைமேடையில் ஏறுங்கள்.

கே: எங்கள் டூ வீல் டிரக் கேம்பரோடு ஈரப் புல்தரையில் நன்றாகப் போனது. கேம்பரைக் கழற்றிவிட்டு வெளியே வரும்போது சிக்கிக்கொண்டது. இது எப்படி?

ப: கழற்றியதால்தான். ஹிட்ச் மேல் இருந்த எடை பின்சக்கரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. காலியான பிக்கப்பின் பின்புறம் லேசு. அடுத்த முறை பின்தொட்டியில், ஆக்சிலுக்கு நேர் மேலே, கனமான எதையாவது கட்டிவையுங்கள். கேம்பரை இழுக்கும்போது அதை இறக்கிவிட வேண்டும், மறக்காதீர்கள்.

கே: நாங்கள் போகும் முகாம்களில் சரளைக்கல் மேட்டில் பின்னோக்கி ஏற்றி நிறுத்த வேண்டியிருக்கிறது. டூ வீல் டிரக்கில் பின்சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. முன்னோக்கி ஏறும்போது இந்தப் பிரச்சினை இல்லை. டிரக்கில் கோளாறா?

ப: கோளாறு இல்லை. இந்த வாரக் கடிதங்களிலேயே நன்றாகக் கவனித்து எழுதப்பட்டது இதுதான். மேட்டில் முன்னோக்கி ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது, இயங்கும் சக்கரங்களுக்குப் பிடிப்பு கூடுகிறது. பின்னோக்கி ஏறும்போது டிரக்கின் பின்புறம் மேட்டுப் பக்கம் இருப்பதால் பாரம் முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. பிடிப்பு குறைந்த பின்சக்கரங்கள்தான் மூன்று டன்னை மேலே தள்ள வேண்டும். எப்படி முடியும்?

உண்மையில் ஃபோர் வீல் டிரைவுக்குப் பணம் கொடுக்கத் தகுந்த இடம் இதுதான். அதிலும் ஃபோர் லோ, அதாவது மெதுவாக, அதிக இழுவிசையோடு நான்கு சக்கரங்களையும் இயக்கும் நிலை. அந்தக் கியர் விகிதத்தில் டிரக் ஊர்ந்து போகும், ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியதே இல்லை, டிரான்ஸ்மிஷனும் சூடாகாது. கேம்பரை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்தி நிறுத்துவது அவ்வளவு சுலபமாகிவிடும். ஆனால் காய்ந்த கான்கிரீட்டில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு ஃபோர் லோவில் திருப்பாதீர்கள். அடுத்த பதிலைப் பாருங்கள்.

எல்லாப் பயணமும் இப்படிப்பட்ட முகாம்களுக்குத்தான் என்றால் ஃபோர் வீல் எடுங்கள், லேபிளைப் படித்துவிட்டு. வருடத்துக்கு ஒரு முறை என்றால் லாக் ஆகும் பின் டிஃபரன்ஷியலும் முரட்டு டயரும் போதும்.

கே: 90 கிலோமீட்டர் வேகத்தில் கேம்பர் ஆடுகிறது. ஃபோர் ஹையில் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) போட்டு ஓட்டினால் நிற்குமா?

ப: நிற்காது. வேறு ஏதாவதுதான் உடையும். தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பகுதிநேர ஃபோர் வீல் டிரைவில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் போகும் தூரமும் பின்சக்கரங்கள் போகும் தூரமும் வேறு. காய்ந்த சாலையில் அந்த வித்தியாசம் சறுக்கித் தீர வழியில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் டயரிலும் முறுக்காக ஏறும்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஹிட்ச் மேல் எடை போதாமல் இருப்பது. கேம்பரின் பின்கோடியில் சைக்கிளும் தண்ணீர்க் கேனும் தொங்குகின்றனவா? முன்னால் கொண்டுவாருங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. அதற்காகக் கண்மூடித்தனமாக முன்னால் குவித்தால் லேபிளில் உள்ள எண்ணைத் தாண்டுவீர்கள், எடைமேடையில் பாருங்கள். வழியில் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

கே: ஃபோர் வீல் டிரைவ் பெட்ரோலை அதிகம் குடிக்குமா?

ப: காலியாக ஓட்டும்போது கொஞ்சம். கேம்பரோடு போகும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கேம்பரின் முகப்பில் மோதும் காற்றுதான் டேங்கைக் காலி செய்கிறது. வேகத்தைக் குறையுங்கள். பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பே மணிக்கு 105 கிலோமீட்டர்தான்.

கே: பின்தொட்டியில் ஏற்றி வைக்கும் கேம்பர் வாங்க நினைக்கிறோம். அது இழுப்பதில்லையே, எடைக் கவலை இல்லைதானே?

ப: இருமடங்கு கவலை. இழுக்கும் கேம்பரில் எட்டில் ஒரு பங்குதான் டிரக்கின் மேல் உட்கார்கிறது. இது முழுவதுமாக உட்கார்கிறது. 1,200 கிலோ கேம்பருக்குச் சாதாரண பிக்கப் ஆகாது, டூ வீலோ ஃபோர் வீலோ. லேபிள், லேபிள், லேபிள்.

கே: ஆக்சில் விகிதத்தை 3.55லிருந்து 4.10க்கு மாற்ற விரும்புகிறேன். ஃபோர் வீல் டிரக். பின் ஆக்சிலை மட்டும் மாற்றினால் போதுமா?

ப: கூடாது. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் ஹையில் போட்ட உடனே ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே வேலையும் செலவும் இரட்டிப்பு. நான்கு டயர்களும் ஒரே அளவில், ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

கே: ஃபோர் வீல் டிரக்கை வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை. பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறை, சரளைப் பாதையிலோ ஈரமான மண் சாலையிலோ சில கிலோமீட்டர் ஃபோர் ஹையில் ஓட்டுங்கள். எண்ணெய் சீல்களை நனைக்கும், ஃபோர் வீலை இணைத்துவிடும் ஆக்சுவேட்டரும் இறுகிப்போகாது. முன் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் எண்ணெயையும் கையேட்டில் சொன்ன கெடுவில் மாற்றுங்கள். இவ்வளவு காலம் தேவையே படவில்லை என்றால், அடுத்த டிரக்கை டூ வீலில் எடுங்கள்.